இடது எத்தனை, வலது எத்தனை: ஸ்பின் முனைவாக்கத்தை அளப்பது எப்படி?

கேள்வி, இங்கே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கும் ஒரு தம்பி அனுப்பியது: "ஹீலியத்தின் மீது புரோட்டானைச் சிதறவிட்டு ஸ்பின் முனைவாக்கத்தை அளந்த பழைய சோதனைகளைப் பற்றிப் படித்தேன். முனைவாக்கத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைச் சரிபார்க்க முனைவாக்கம் ஏற்கெனவே தெரிந்த கற்றை வேண்டும். அப்படியானால் இது எங்கேதான் தொடங்குகிறது? ஏன் எப்போதும் ஹீலியம், கார்பன் என்று லேசான அணுக்கருக்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இதில் எதையாவது நம் ஊரில் செய்து பார்க்க முடியுமா?"

தம்பி, முதல் கேள்வியில் சரியான இடத்தில் கைவைத்துவிட்டீர்கள். இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் நடந்த உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒரு முடிச்சை அவிழ்க்கத்தான் போயிருக்கிறது. அதனால் அதற்கே நிறைய இடம் கொடுக்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் வழியிலேயே வந்துவிடும்.

முனைவாக்கம் என்பதை எண்ணாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பின் என்பது துகளுக்குப் பிறவியிலேயே உள்ள கோண உந்தம். புரோட்டானின் ஸ்பின் அரை. ஏதாவது ஒரு திசையை, இப்போதைக்குச் செங்குத்துத் திசையை, எடுத்துக்கொண்டு அளந்தால் ஒவ்வொரு புரோட்டானும் 'மேலே' அல்லது 'கீழே' என்ற இரண்டில் ஒன்றாகத்தான் அகப்படும். கற்றையில் நூற்றுக்கு 80 மேலே, 20 கீழே என்றால், வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்து, முனைவாக்கம் 0.6. எல்லாமே மேலே என்றால் 1. பாதிக்குப் பாதி என்றால் சுழி. சாதாரண அயனி மூலத்திலிருந்து வரும் கற்றை பாதிக்குப் பாதிதான்.

இதை நேரடியாகப் பார்க்க வழியில்லை. வெள்ளி அணுக்களை ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-இல் காந்தத்தால் இரண்டாகப் பிரித்தார்களே, அதேபோல் புரோட்டான் கற்றையையும் பிரிக்கலாமே என்று தோன்றும். வெள்ளி அணுவுக்கு நிகர மின்னூட்டம் கிடையாது, புரோட்டானுக்கு உண்டு. மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலம் அதை வளைக்கிற வளைப்பில், ஸ்பின்னால் வரும் நூலளவு விலகல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஆகவே ஸ்பின்னை உணரக்கூடிய வேறு ஏதாவது வேண்டும். அணுக்கரு விசை அதை நன்றாகவே உணர்கிறது.

ஒரு முரட்டுப் படம் வரைந்து பார்ப்போம். புரோட்டான் உங்களுக்கு முன்னால் நேராகப் போகிறது. போகிற வழியில் ஓர் அணுக்கரு. புரோட்டான் அந்தக் கருவின் வலப்பக்கமாகக் கடந்தால், கருவைச் சுற்றிய அதன் கோண உந்தம் மேல்நோக்கி இருக்கும். இடப்பக்கமாகக் கடந்தால் கீழ்நோக்கி. புரோட்டானின் ஸ்பின் மேல்நோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் போகும்போது ஸ்பின்னும் சுற்றுக் கோண உந்தமும் ஒரே திசை; இடப்பக்கம் போகும்போது எதிரெதிர்த் திசை. அணுக்கரு விசை இந்த இரண்டுக்கும் வேறுபாடு காட்டுகிறது: இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஈர்ப்பு அதிகம். வலப்பக்கம் போன புரோட்டான் ஈர்க்கப்பட்டு இடப்பக்கம் திரும்பும். ஆக மேல்நோக்கிய ஸ்பின் உள்ளவை இடது உணர்கருவியில் அதிகமாக விழும், கீழ்நோக்கியவை வலதில். குவாண்டம் கணக்கில் இந்தப் படம் அப்படியே நிற்காது. ஆற்றலையும் கோணத்தையும் மாற்றினால் இடம் வலமாகக்கூடப் புரண்டுவிடும். ஆனால் இட வல வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இது போதும்.

மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1949-இல் அணுக்கருவின் ஓடு மாதிரிக்குள் கொண்டுவந்தது இதே ஸ்பின்-சுற்றுப்பாதை விசையைத்தான். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களை, அதாவது கரு மிக உறுதியாக இருக்கும் புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கைகளை, விளக்க அது தேவைப்பட்டது. கருவுக்குள் கட்டுண்டு கிடக்கும் நியூக்ளியானுக்கு (புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ) என்று சொல்லப்பட்ட விசை, வெளியிலிருந்து வந்து மோதிப் போகும் புரோட்டானுக்கும் உண்டா என்பது அப்போது சூடான கேள்வி. ஹீலியம் சிதறல் சோதனைகள் முக்கியமானதற்கு அது ஒரு காரணம்.

சரி, இப்போது உங்கள் முடிச்சு. இடதில் விழுந்த எண்ணிக்கையிலிருந்து வலதில் விழுந்ததைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதைச் சமச்சீரின்மை என்கிறோம். அந்த எண் கற்றையின் முனைவாக்கமும் இலக்கின் பகுப்புத்திறனும் சேர்ந்த பெருக்கல். பகுப்புத்திறன் என்பது, கற்றை முழுக்க முனைவாக்கம் பெற்றிருந்தால் அந்த இலக்கு, அந்த ஆற்றல், அந்தக் கோணத்தில் எவ்வளவு இட வல வேறுபாடு வரும் என்பது. உணர்கருவியில் நமக்குக் கிடைப்பது எப்போதும் பெருக்கல்தான். இரண்டில் எதையும் தனியாக யாரும் பார்த்ததில்லை. 0.3 வந்தால் அது 0.6-ம் 0.5-மாக இருக்கலாம், 0.9-ம் மூன்றில் ஒன்றுமாகவும் இருக்கலாம். இந்தப் பெருக்கலை எங்கே, எப்படி உடைப்பது என்பதுதான் நீங்கள் கேட்பது.

முதல் வழி, இரட்டைச் சிதறல். காலத்தை மாற்றி ஓடவிட்டாலும் இயற்பியல் மாறாது என்ற சமச்சீரிலிருந்து ஒரு முடிவு வருகிறது: ஸ்பின் இல்லாத இலக்கின் மீது மீள்சிதறல் (கருவைக் கிளர்த்தாமல் நடக்கும் சிதறல்) நடக்கும்போது, முனைவாக்கமில்லாத கற்றைக்கு அந்தச் சிதறல் கொடுக்கும் முனைவாக்கமும், அதே சிதறலின் பகுப்புத்திறனும் ஒன்றே. எனவே முனைவாக்கமில்லாத கற்றையை ஹீலியத்தில் ஒருமுறை சிதறவிட்டு, சிதறியதை இன்னொரு ஹீலியத்தில் மறுபடியும் சிதறவிட்டால், இரண்டாவது இடத்தில் காணும் சமச்சீரின்மை ஒரே எண்ணின் வர்க்கம். வர்க்கமூலம் எடுத்தால் போதும், வெளியிலிருந்து எந்த அளவுகோலும் வேண்டாம். ஹீலியத்தில் சிதறும் நியூட்ரான்கள் முனைவாக்கம் பெறும் என்று ஜூலியன் ஷ்விங்கர் 1946-இல் சொன்னார். புரோட்டானை வைத்து ஹீலியத்தில் இரட்டைச் சிதறலை மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹூசின்க்வெல்டும் ஃபிரையரும் செய்து 1952-இல் வெளியிட்டார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு ஓட்டை. ஒன்று, வர்க்கமூலம் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று சொல்லாது. அளவு தெரியும், மேலா கீழா என்பது தெரியாது. குறியை வேறு அறிவிலிருந்து, சிதறல் கட்டப் பெயர்ச்சிகளின் (சிதறும்போது துகளின் அலை எவ்வளவு நகர்கிறது என்று சொல்லும் எண்களின்) பகுப்பாய்விலிருந்தோ வேறு சோதனையிலிருந்தோ, கொண்டுவர வேண்டும். இரண்டு, ஆற்றல். ஹீலியம் புரோட்டானைப்போல் நான்கு மடங்குதான் கனம். 90 டிகிரியில் சிதறும் புரோட்டான் தன் ஆற்றலில் 40 விழுக்காட்டைக் கருவிடம் கொடுத்துவிட்டு வரும். 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் போனது 2.1-இல் திரும்பும். அப்புறம் எப்படி இரண்டு சிதறலும் 'ஒரே' சிதறலாகும்? ஆக வர்க்கம் என்பது உண்மையில் வர்க்கம் இல்லை; இரண்டு வெவ்வேறு ஆற்றல்களில் இரண்டு எண்களின் பெருக்கல். நிறைய ஆற்றல்களில், நிறையக் கோணங்களில் எடுத்த தரவை ஒன்றோடொன்று பின்னித்தான் விடை எடுக்க வேண்டியிருந்தது. இருந்தும் அந்தச் சோதனை ஒன்றைத் தெளிவாக்கியது: ஸ்பின்னும் சுற்றுக் கோண உந்தமும் ஒரே திசையில் இருக்கும் நிலைதான் ஆற்றலில் கீழே இருக்கிறது. அணுவின் எலக்ட்ரானுக்கு இருப்பதற்கு நேர்மாறு, ஓடு மாதிரி கேட்டதும் அதுவே.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நான் பார்த்தவரை இதைப் பாடத்தில் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஹீலியம்-4-க்கு ஸ்பின் இல்லை. எனவே சிதறல் தளத்துக்குச் செங்குத்தான திசையில் ஸ்பின்னைப் பார்த்தால், கணக்கு முழுவதும் இரண்டே சிக்கலெண்களில் அடங்கிவிடும்: மேல்நோக்கிய ஸ்பின்னுக்கு ஒரு வீச்சு, கீழ்நோக்கியதற்கு ஒரு வீச்சு. ஒவ்வொன்றின் அளவின் வர்க்கமும் அந்தந்த ஸ்பின் அந்தக் கோணத்தில் சிதறும் வாய்ப்பு. இரண்டு வாய்ப்புகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பகுப்புத்திறன். இப்போது கீழ்நோக்கிய வீச்சு ஏதோ ஓரிடத்தில் முழுச் சுழியானால்? அந்த இடத்தில் பகுப்புத்திறன் சரியாக 1. தோராயமாக இல்லை, சரியாக.

சிக்கலெண் சுழியாக வேண்டுமென்றால் அதன் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் ஒரே சமயத்தில் சுழியாக வேண்டும். இரண்டு நிபந்தனை. நம் கையில் இருக்கும் திருகுகளும் இரண்டு: ஆற்றல், கோணம். இரண்டு நிபந்தனைக்கு இரண்டு திருகு என்றால், ஆற்றல்-கோண வரைபடத்தில் அங்கங்கே தனித்தனிப் புள்ளிகளாக அப்படிப்பட்ட இடங்கள் இருக்க வாய்ப்புண்டு. புரோட்டான்-ஹீலியம் சிதறலில் அவை உண்மையிலேயே இருக்கின்றன என்பதையும், அவற்றைத் தனி அளவுகோலாகப் பயன்படுத்தலாம் என்பதையும் ப்ளாட்னரும் பேக்கரும் 1971-இல் காட்டினார்கள். இதில் இன்னொரு வசதியும் உண்டு. 1 என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்ட முடியாது. எனவே அந்தப் புள்ளியைச் சுற்றி வரைபடம் மலையுச்சிபோல் தட்டையாக இருக்கும். கோணத்தில் அரை டிகிரி பிசகினாலும், ஆற்றலில் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பகுப்புத்திறன் 1-ஐ விட்டு அதிகம் இறங்காது. சோதனைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த இடத்தில் உணர்கருவியை வைத்தால், அளந்த சமச்சீரின்மையே கற்றையின் முனைவாக்கம். பெருக்கல் உடைந்துவிட்டது.

மூன்றாவது வழி உயர் ஆற்றலில் பயன்படுவது. நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஆர்எச்ஐசி மோதுவளையத்தில் முனைவாக்கம் பெற்ற புரோட்டான்களை 255 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டுபோனார்கள். அங்கே சரியாக 1 என்று நம்பிப் பிடித்துக்கொள்ளும் புள்ளி எதுவும் கையில் இல்லை. அதனால் கற்றையின் குறுக்கே முனைவாக்கம் பெற்ற ஹைட்ரஜன் வாயுத் தாரையைப் பாய்ச்சினார்கள். மோதும் இரண்டுமே புரோட்டான். எனவே கற்றையின் ஸ்பின்னை மாற்றினாலும் தாரையின் ஸ்பின்னை மாற்றினாலும் பகுப்புத்திறன் ஒன்றே. இரண்டு சமச்சீரின்மைகளையும் ஒன்றால் ஒன்றை வகுத்தால் பகுப்புத்திறன் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது இரண்டு முனைவாக்கங்களின் விகிதம். தாரை அணுக்களின் முனைவாக்கத்தை அணு இயற்பியல் முறையில் தனியாக அளந்துவிடலாம். ஏனென்றால் அவை மின்னூட்டமில்லாத அணுக்கள், அங்கே ஸ்டெர்ன்-கெர்லாக் வகை காந்தம் வேலை செய்யும். பகுப்புத்திறன் என்ன என்று தெரியாமலேயே விடை! இந்த முறை துல்லியமானது, ஆனால் மெதுவானது. அன்றாட வேகத்துக்கு, மிக மெல்லிய கார்பன் பட்டையைக் கற்றைக்குள் நீட்டி, எகிறிவரும் கார்பன் கருக்களை எண்ணினார்கள். அங்கே பகுப்புத்திறன் வெறும் 4 விழுக்காடு அளவுதான். கார்பன் விரைவான அளவீட்டுக்கு, ஹைட்ரஜன் அதைத் திருத்திக்கொள்ள.

ஆக உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: சங்கிலி சமச்சீரில் தொடங்குகிறது. காலத் திருப்பம், உச்ச வரம்பு, இரண்டு துகளும் ஒன்றே என்பது என மூன்று வழியிலும் ஏதோ ஒரு சமச்சீரோ வரம்போதான் முதல் எண்ணைக் கொடுக்கிறது.

இத்தனையும் காகிதத்தில். கூடத்தில் முதலில் தலைவலி கொடுப்பது வேறு: இடதும் வலதும் ஒன்றுபோல் இருப்பதே இல்லை. ஒரு உணர்கருவி கொஞ்சம் முன்னால் இருக்கும், ஒன்றின் திறப்பு அரை மில்லிமீட்டர் அகலமாக இருக்கும், ஒன்றின் மின்னணுச் சுற்று கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஸ்பின்னே இல்லாவிட்டாலும் இட வல வேறுபாடு வந்து நிற்கும். தேக்கா சந்தையில் கைத்தராசு பிடித்த காலத்து ஆட்களுக்கு இதற்கு மருந்து தெரியும். தட்டுக்கோல் ஒருபக்கம் நீளம் என்று சந்தேகம் வந்தால் பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்து நிறுப்பார்கள். இரண்டு நிறையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கோல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் உண்மை எடை வந்துவிடும். நாங்கள் செய்வது அச்சு அசல் அதேதான். உணர்கருவிகளை மாற்றுவதற்குப் பதில் ஸ்பின்னைத் திருப்புகிறோம்.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான சமச்சீரின்மை 0.5 என்றும், இடது உணர்கருவி வலதைவிடப் பத்து விழுக்காடு மந்தம் என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்பின் மேலே இருக்கும்போது இடதில் 1350, வலதில் 500. ஸ்பின்னைத் திருப்பினால் இடதில் 450, வலதில் 1500. முதல் ஓட்டத்தை மட்டும் நம்பினால் 850-ஐ 1850-ஆல் வகுத்து 0.46 என்று எழுதிவிடுவோம். தவறு. மாறாக, முதல் ஓட்டத்தில் இடது-வலது விகிதம் 2.7, இரண்டாவதில் 0.3. ஒன்றை மற்றதால் வகுத்தால் 9, வர்க்கமூலம் 3. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மூன்றோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் 0.5. அந்தப் பத்து விழுக்காடு தடம் தெரியாமல் கரைந்துவிட்டது. இரண்டு ஓட்டத்திலும் வந்த மொத்தக் கற்றை அளவு வேறாக இருந்தாலும் கவலையில்லை, அதுவும் அடிபட்டுப் போகும்.

எது அடிபடாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் அனுபவம். ஸ்பின்னைத் திருப்பும்போது கற்றையும் சேர்ந்து நகர்ந்தால் இந்த வித்தை கைகொடுக்காது. இலக்கிலிருந்து 20 சென்டிமீட்டரில் உணர்கருவி, கோணம் 45 டிகிரி. கற்றை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் சிதறல் கோணம் ஒரு பக்கம் 0.2 டிகிரி கூடும், மறுபக்கம் அவ்வளவே குறையும். அந்த இடத்தில் சிதறல் வாய்ப்பு டிகிரிக்கு 5 விழுக்காடு மாறுகிறது என்றால், ஸ்பின்னுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விழுக்காட்டுச் சமச்சீரின்மை உங்கள் மடியில் வந்து விழும். கற்றை எப்போதும் அந்த ஒரு மில்லிமீட்டர் தள்ளியே இருந்தால் பரவாயில்லை, அடிபடும். ஸ்பின்னோடு சேர்ந்து ஆடினால் அடிபடாது. அதேபோல் உணர்கருவியின் செயலற்ற நேரம்: எண்ணிக்கை வேகம் கூடினால் தவறவிடுவதும் கூடும், வேகமே ஸ்பின்னைப் பொறுத்து மாறுவதால் இதுவும் அடிபடாது.

வெளிநாட்டில் நான் வேலை பார்த்த முடுக்கிக் கூடத்தில் இரவுப் பணிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அயனி மூலத்தில் ஸ்பின்னைத் தேர்ந்தெடுக்கும் ரேடியோ அலைப் பகுதியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா எண்ணுவார்கள். அப்போது சமச்சீரின்மை சுழியாக வர வேண்டும். கூடவே மேலும் கீழும் இரண்டு உணர்கருவி இருக்கும். செங்குத்து முனைவாக்கம் உள்ள கற்றை மேல் கீழ் வேறுபாடு காட்டக் கூடாது. காட்டினால் ஸ்பின் சாய்ந்திருக்கிறது, அல்லது கருவி பொய் சொல்கிறது. சுழி வர வேண்டிய இடத்தில் சுழி வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. கட்டுரைகளில் அதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பது அபூர்வம்.

எண்ணிக்கை எவ்வளவு வேண்டும்? சமச்சீரின்மையில் வரும் புள்ளியியல் பிழை, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவது. 0.01 பிழைக்குப் பத்தாயிரம் வேண்டும். ஆனால் நமக்கு வேண்டியது முனைவாக்கம் என்பதால் பகுப்புத்திறனாலும் வகுக்க வேண்டும். முனைவாக்கத்தில் 0.01 பிழை வேண்டுமென்றால், பகுப்புத்திறன் 0.9 உள்ள இடத்தில் சுமார் 12,000 துகள் போதும், 0.3 உள்ள இடத்தில் 1,11,000, 0.04 என்றால் 60 லட்சத்துக்கு மேல். சிதறல் வாய்ப்பைப் பகுப்புத்திறனின் வர்க்கத்தால் பெருக்கி, எங்கே அது அதிகமோ அங்கே உணர்கருவியை வைப்பது இதனால்தான்.

இப்போது ஏன் லேசான கரு என்பதற்கு வருவோம். ஹீலியம்-4-க்கும் கார்பன்-12-க்கும் ஸ்பின் சுழி, ஆகவே மேலே சொன்ன இரண்டு வீச்சுக் கணக்கு போதும். ஹீலியத்தின் முதல் கிளர்நிலை 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே என்ன மோதினாலும் அது மீள்சிதறலாகத்தான் இருக்க முடியும், வேறு எதுவும் கலந்து குழப்பாது. கார்பனில் அது 4.44 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு சாதாரண சிலிக்கான் உணர்கருவியே பிரித்துக் காட்டிவிடும். மின்னூட்டம் குறைவு என்பதும் பெரிய வசதி. கனமான கருவில் குறைந்த ஆற்றலில் மின்விலக்கச் சிதறலே மேலோங்கி நிற்கும், அதற்கு ஸ்பின் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், புரோட்டானும் ஹீலியமும் சேர்ந்தால் கணநேரம் நிற்கும் லித்தியம்-5-இல் ஓர் அகன்ற ஒத்திசைவு (சிதறல் ஓங்கி நிற்கும் ஆற்றல் பகுதி) இருக்கிறது. ஸ்பின்-சுற்றுப்பாதை விசை அதன் இரண்டு பங்காளிகளை, அதாவது ஸ்பின்னும் சுற்றுக் கோண உந்தமும் ஒரே திசையில் உள்ள நிலையையும் எதிரெதிர்த் திசையில் உள்ள நிலையையும், நன்றாக விலக்கி வைத்திருக்கிறது. இரண்டும் விலகியிருப்பதால்தான் மேல் ஸ்பின்னுக்கும் கீழ் ஸ்பின்னுக்கும் இவ்வளவு வேறுபாடு. கனமான கருக்களிலும் பெரிய பகுப்புத்திறன் வரும் இடங்கள் உண்டு, ஆனால் இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு எளிதில் கணக்கிடும்படி வராது.

டியூட்டிரானுக்கு (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) ஸ்பின் ஒன்று, மூன்று நிலை. எனவே ஒரு எண் போதாது, மேல் கீழ் வித்தியாசத்தைச் சொல்லும் திசையன் முனைவாக்கத்தோடு, நடு நிலையில் எத்தனை என்று சொல்லும் டென்சர் முனைவாக்கமும் வேண்டும். அதை அளக்க டியூட்டிரானை ஹீலியம்-3-இல் மோதவிட்டு வெளிவரும் புரோட்டானைப் பார்ப்பது வழக்கம். 430 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய ஒத்திசைவு கிட்டத்தட்ட முழுக்க ஒரே கோண உந்த நிலை வழியாக நடப்பதால், பகுப்புத்திறனை வடிவியலே நிர்ணயித்துவிடுகிறது. இதன் இரட்டைப் பிறவியான டியூட்டிரான்-டிரிட்டியம் வினையிலும் அதே கதை. இரண்டின் ஸ்பின்னையும் ஒரே திசையில் நிறுத்தினால் இணைவு வாய்ப்பு ஒன்றரை மடங்காகும் என்று 1982-இல் இணைவு உலைக்காக ஒரு யோசனை வந்தது. உலைக்குள் அந்த ஸ்பின் தாக்குப்பிடிக்குமா என்பது வேறு கதை.

நியூட்ரானுக்கு உயர் அழுத்த ஹீலியம் வாயுவே இலக்கும் உணர்கருவியும். அடிவாங்கி ஓடும் ஹீலியம் கரு வாயுவில் ஒளிப்பொறி விடும். அதையும் பக்கத்தில் விழும் நியூட்ரானையும் ஒன்றாகப் பதிந்தால் சிதறல் நடந்தது உறுதி. நியூட்ரான் மூலத்தில் ஸ்பின்னை நினைத்தபடி திருப்ப முடியாதே என்றால், வழியில் ஒரு வரிச்சுருள் வைத்து அதன் காந்தப்புலத்தால் ஸ்பின்னை 180 டிகிரி சுழற்றிவிடலாம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் பாதை வளையாது. தட்டு மாற்றி நிறுப்பது இங்கேயும் அதேதான்.

இடதும் வலதும் ஒப்பிடும்போது எது 'நேர்', அதாவது கூட்டல் குறி, என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டுமல்லவா? 1960-இல் பாசலில் நடந்த மாநாட்டில் அதை முடிவு செய்தார்கள். ஸ்பின் ஒன்று உள்ளவற்றுக்கான குறியீடுகளை 1970-இல் மேடிசனில் சேர்த்தார்கள். பழைய கட்டுரை படிக்கும்போது ஆண்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் குறி புரண்டு நாள் வீணாகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றும் கேட்க வேண்டும். சிதறல் வாய்ப்பு என்பது பெரிய வீச்சுகளின் வர்க்கம். சின்ன வீச்சு அதில் மூழ்கிவிடும். முனைவாக்கமோ ஒரு வீச்சை இன்னொன்றால் பெருக்கி வருவது, அதனால் சின்னதும் பெரியதன் தோளில் ஏறி வெளியே தெரியும். இதனால்தான் கோட்பாட்டின் ஓட்டைகள் முதலில் இங்கே தெரிகின்றன. நியூட்ரானை டியூட்டிரானில் சிதறவிட்டால் மூன்று நியூக்ளியான்தான் இருக்கிறது, கணக்கைத் துல்லியமாகப் போட்டுவிடலாம். சிதறல் வாய்ப்பு அச்சடித்ததுபோல் பொருந்துகிறது. பகுப்புத்திறனின் உச்சம் மட்டும், குறைந்த ஆற்றலில், அளந்ததைவிட 25 முதல் 30 விழுக்காடு குறைவாக வருகிறது. 1980-களிலிருந்து இதற்கு 'ஏ-ஒய் புதிர்' என்று பெயர் (ஏ-ஒய் என்பது பகுப்புத்திறனின் குறியீடு). வழக்கமான மூன்று துகள் விசைகளைச் சேர்த்தும் அது சரியாகவில்லை. மூன்றே துகள், இத்தனை கணினி, இன்னும் இடிக்கிறது! என் கணிப்பில் இந்தத் துறையில் இன்றும் படிக்கத் தகுந்த காரணங்களில் இதுதான் முதலாவது.

கடைசிக் கேள்வி, நம் ஊர். ஊட்ரமில் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் புரோட்டான் சிகிச்சை மையத்தில் நல்ல ஆற்றலில் புரோட்டான் கிடைக்கும்தான். ஆனால் அது நோயாளிகளுக்கானது, அதன் கற்றைக்கு முனைவாக்கமும் கிடையாது, தேவையும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில், கெண்ட் ரிட்ஜ் வளாகத்திலேயே அயனிக்கற்றைப் பயன்பாட்டு மையத்தில் 3.5 மெகாவோல்ட் சிங்கிள்ட்ரான் முடுக்கி இருக்கிறது. அங்கே செய்வது வேறு வேலை: மிக நுண்ணிய புரோட்டான் கற்றையால் வடிவங்கள் எழுதுவது, பொருள்களை ஆராய்வது. முனைவாக்கம் பெற்ற மூலம் அதில் கிடையாது. ஆனால் ஆற்றலைக் கவனியுங்கள். 3.5-இல் புறப்பட்டு 90 டிகிரியில் சிதறி 2.1-இல் வந்து சேரும் என்று மேலே சொன்னேன். இரண்டுமே ஹீலியம் ஒத்திசைவின் எல்லைக்குள்தான். அந்த இரட்டைச் சிதறலை ஆற்றலளவில் இங்கேயே செய்யலாம்.

தடை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு மைக்ரோ ஆம்பியர் கற்றை, அதாவது நொடிக்கு 6 லட்சம் கோடி புரோட்டான், கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் ஹீலியம், நூறில் ஒரு ஸ்டெரேடியன் (திண்மக் கோண அலகு) திறப்பு, சிதறல் வாய்ப்பு ஸ்டெரேடியனுக்குக் கால் பார்ன் (கருவின் குறுக்குப் பரப்பை அளக்கும் அலகு). முதல் சிதறலில் நொடிக்கு ஏறத்தாழ 4 லட்சம் தேறும். அதே விகிதத்தில் இரண்டாவது சிதறல் நடந்தால் ஒரு உணர்கருவியில் மணிக்கு 80, 90 விழும். இரண்டையும் சேர்த்துப் பத்தாயிரம் எண்ண அறுபது மணி நேரம் ஆகும், அதுவும் பின்னணிச் சத்தம் இல்லாமல், கற்றை நிலையாக இருந்தால். இளங்கலைத் திட்டத்துக்கு அவ்வளவு நேரம் யாரும் தரமாட்டார்கள். ஒற்றைச் சிதறலை மட்டும் எடுங்கள். சில கோணங்களில், சில ஆற்றல்களில் ஹீலியத்தின் சிதறல் வாய்ப்பை அளந்து, வெறும் மின்விலக்கச் சூத்திரம் சொல்வதிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அதிலிருந்து கட்டப் பெயர்ச்சிகளை எடுக்கலாம்: கோண உந்தம் சுழிக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் மூன்றே எண். அந்த மூன்றை வைத்து மேல் வீச்சையும் கீழ் வீச்சையும் கணினியில் வரைந்து, கீழ் வீச்சு எந்த ஆற்றலில், எந்தக் கோணத்தில் சுழியைத் தொடுகிறது என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: சிதறல் வாய்ப்பை மட்டும் வைத்துப் பொருத்தினால், பங்காளிகள் இருவரும் இடம் மாறிய இன்னொரு விடையும் ஏறக்குறைய அதே அழகில் பொருந்தி வரும். இரண்டையும் வரைந்து வாருங்கள், எந்தக் கோணத்தில் இரண்டும் எதிரெதிர்க் குறி காட்டுகின்றன என்று சேர்ந்து பார்ப்போம்.